சங்கையாவுக்குப் பிடிபடாத அனுமானம்

பொற்கொடி டீச்சருக்கு இருபத்தொன்பது வயது. அவருடைய மாணவர் சங்கையாவுக்கு முப்பத்தெட்டு. விடியற்காலையில் பால் வண்டி ஓட்டிவிட்டு, ஏழு மணிக்குத் தையல்கடை மாடியில் நடக்கும் தேர்வு வகுப்புக்கு ஓடி வருவார். வயது வரம்புப்படி அரசு வேலைக்கு அவர் எழுதப்போகும் கடைசித் தேர்வு இது.

வரலாற்றைக் கரைத்துக் குடித்திருந்தார். கணக்கும் ஒருவழியாக வசப்பட்டது. மறைந்திருக்கும் அனுமானத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

அன்று கரும்பலகையில் இருந்த கூற்று இதுதான்: 'ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க எட்டரைக்கே கிளம்பு.'

"இதைச் சொன்னவர் எதை நம்பிச் சொல்றார், அண்ணே?" என்றார் டீச்சர்.

"ரயில்வே கேட் போட்டிருப்பான்னு."

வகுப்பே சிரித்தது. மனிதர் வண்டி ஓட்டியே பழகியவர், பாவம்.

"ஒன்பது மணிக்கு பஸ் வரும்னு நம்பித்தான் சொல்றார்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே டீச்சர்? அதைப் போய் யாராவது விடையா எழுதுவாங்களா?"

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் சங்கையா தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"நாளையிலேர்ந்து நான் வரலை டீச்சர். எனக்கு இது மண்டையில ஏறலை. என்னால மத்த பிள்ளைங்களுக்கும் நேரம் வீணாகுது."

"சரி. எடுத்துட்டுப் போன புத்தகத்தையெல்லாம் அலமாரியில வச்சிருங்க."

இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாரே என்று இருந்தது சங்கையாவுக்கு. முதுகைத் திருப்பிக்கொண்டு புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். டீச்சர் எழுந்து வாசல்வரை போய் வந்தது அவர் காதில் விழுந்தது.

கும்பிட்டுவிட்டு வெளியே போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"டீச்சர், என் செருப்பைக் காணோம்."

"எங்க விட்டீங்க?"

"வாசல்லதான்."

"விட்ட இடத்துலயே இருக்கும்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

"இதை யாரு வந்து சொல்லணும்? இருக்கும்னுதானே..."

சங்கையா பாதியில் நிறுத்திக் கரும்பலகையைப் பார்த்தார். ஒன்பது மணி பஸ் இன்னும் அங்கேதான் இருந்தது.

டீச்சர் மேசைக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"ஐயோ, நீங்க போய் இதைக் கையால தொட்டுக்கிட்டு!" அவருக்கு உடம்பு கூசிவிட்டது.

"இருங்க, இன்னும் ஒரு கேள்வி இருக்கு. கூற்று: 'நாளையிலேர்ந்து வரலை'ன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டு ஒருத்தர் கிளம்பினார். அனுமானம் என்ன?"

"அவருக்குப் படிப்பு ஏறாது."

"அதைத்தான் வாய்விட்டே சொன்னாரே."

"அவரால மத்தவங்களுக்குத் தொந்தரவு."

"அதையும் சொல்லிட்டார். சொல்லாம எதை நம்பினார்?"

சங்கையா செருப்பைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை.

"டீச்சர் விட்டுருவாங்கன்னு," என்றார்.

"கண்டுபிடிச்சது சரி, அண்ணே," என்றார் பொற்கொடி. "அந்த அனுமானம்தான் தப்பு."