தகட்டின் இரண்டு பாதி

"முனியப்பனை வேலையை விட்டு எடுக்கணும் மேடம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் அருளானந்தம்.

ஓசூரில் கணினிச் சிப்புகளுக்கு அச்சுத்தகடு செய்கிற கம்பெனி அது. கண்ணாடித் தகட்டில் கோடுகளை எழுதி, அதன் வழியே ஒளி பாய்ச்சித்தான் சிப்பு அச்சிடுவார்கள். முறுக்கு அச்சில் ஒரு கண் அடைத்தால் பிழிவதெல்லாம் ஊனம். தகட்டின் சங்கதியும் அதுதான்.

தில்ஷாத் அங்கே சோதனைப் பிரிவின் தலைவி. தன் கீழே ஷிப்ட் பொறுப்பாளராக இருந்த அருளானந்தத்தைவிட இளையவர். ஆனால் அருளானந்தம் தகடு பார்க்கக் கற்றது அவரிடம்தான்.

வாங்கியவர்கள் தகட்டைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரு கோடு இல்லை. அச்சிட்ட சிப்பு அத்தனையும் குப்பை. சோதனையில் இயந்திரம் பிழை இல்லை என்று சொன்ன தகடு. அதற்குப் பிறகு அதைத் தொட்டவன், கழுவுகிற முனியப்பன் ஒருவன்தான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று அருளானந்தம் கேட்டார்.

தில்ஷாத் கையெழுத்துப் போடவில்லை. திரும்பி வந்த தகட்டை இயந்திரத்தில் வைத்தார்.

தகட்டில் ஒரே படம் அடுத்தடுத்து இரண்டு தடவை இருக்கும். இயந்திரம் ஒரு பாதியை மறுபாதியோடு ஒப்பிட்டது.

பிழை இல்லை என்றது.

"கோடுதான் போயிருக்கே மேடம்?"

தில்ஷாத் தகட்டை மூல வரைபடத்தோடு ஒப்பிட வைத்தார். அதற்கு நேரம் பிடிக்கும். தகட்டை முதலில் சோதித்த அன்று, அவசரத்தில், அருளானந்தம் பாதிகளை மட்டும் ஒப்பிட்டுவிட்டு இதைச் செய்யாமல் விட்டிருந்தார். இப்போது இருவரும் காத்திருந்தார்கள்.

வரைபடத்தில் கோடு இருந்தது. தகட்டில் இரண்டு பாதியிலும், ஒரே இடத்தில், அது இல்லை. எழுதும்போதே விட்டுப்போயிருக்கிறது. கழுவித் தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரியா போகும்?

அருளானந்தத்தின் முகம் சுண்டிப்போனது. அவமானமாக இருந்தது. என்றாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே. அடுத்த ஷிப்டின் பொறுப்பாளர் செல்வினைத் துணைக்கு இழுத்தார்.

"நான் மட்டும் சொல்லல மேடம். செல்வினும் முனியப்பன் மேலதான் தப்புன்னு சொன்னார்."

"செல்வினுக்கு யார் சொன்னது சார்?"

அருளானந்தம் கையெழுத்துக்கு வைத்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான்தான்" என்றார்.