அத்தி மரத்து ஜாஸ் பாடகர்

குளத்தங்கரையில் ஓர் அத்தி மரம் இருந்தது. மரத்தின் மேலே நெடுவாலன் என்கிற கருமுகக் குரங்கு. மரத்தின் கீழே செம்பி என்கிற புள்ளிமானும், பால்குடி மறக்காத அவளுடைய குட்டி பொட்டுவும்.

மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நல்ல ஒட்டுறவு. நெடுவாலன் கடித்துப் போடுகிற அத்திப்பழமும் தளிரும் செம்பிக்கு. புதருக்குள் எது பதுங்கினாலும் செம்பியின் மூக்கு சொல்லிவிடும். தூரத்தில் எது வந்தாலும் நெடுவாலனின் கண் சொல்லிவிடும்.

சிறுத்தையோ செந்நாயோ தெரிந்தால் நெடுவாலன் ஒரு சத்தம் போடுவான்.

“கக்! கக்! கக்!”

அவ்வளவுதான். அதில் ராகம் கிடையாது, நெளிவு கிடையாது. கேட்ட உடனே மான்கள் எல்லாம் நாலுகால் பாய்ச்சலில் ஓடிவிடும். “என்ன, ஏது?” என்று யாரும் நின்று கேட்டதில்லை.

இப்படி இருக்கையில் காட்டின் ஓரத்தில் ஒரு சுற்றுலா விடுதியைக் கட்டினார்கள். சாயங்காலம் ஆனால் அங்கே ஓர் அம்மாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜாஸ் என்கிற மேல்நாட்டுப் பாட்டைப் பாடுவாள். நெடுவாலன் பிஸ்கட் திருடத்தான் அந்தக் கூரைக்குப் போனான். போன இடத்தில் பாட்டையும் கேட்டான்.

அந்த அம்மாள் நன்றாகவே பாடியிருக்கலாம். நான் கேட்டதில்லை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம்ம ஆள் அவளிடமிருந்து எதைக் கொண்டு வந்தான் தெரியுமா? கண்ணைச் சொருகுவதை, மூச்சை இழுப்பதை, உதட்டைக் கோணுவதை! பாட்டை அந்தக் கூரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான் மகராசன்.

மறுநாள் காலையில் கிளையில் சாய்ந்து நின்றுகொண்டு, “எல்லாரும் கேட்டுக்கோங்க! இனிமே நான் வெறும் குரங்கு இல்லை. ஜாஸ் பாடகன்!” என்று அறிவித்தான்.

அன்று சாயங்காலமே கச்சேரி. மான்கள் கூடின. முன் வரிசையில் கொண்டலாத்தியார் வந்து அமர்ந்தார். கொண்டலாத்தி என்றால் தலையில் விசிறி மாதிரி கொண்டை வைத்திருக்குமே, அந்தப் பறவைதான். இவர் அந்த விடுதியின் புல்தரையில் புழு பொறுக்குகிறவர். அந்த ஒரே தகுதியில் காட்டுக்கே சங்கீத விமர்சகர் ஆகிவிட்டார்!

நெடுவாலன் பாட எடுத்துக்கொண்ட வார்த்தை ‘நிலா’.

முதலில் “ந்ந்ந்ந்” என்று மூக்கால் முனகினான். கண்ணை மூடினான். வாலை ஒரு சுழற்று சுழற்றினான். பிறகு தொண்டையைக் கரகரவென்று சுரண்டினான். “டுபி டபட டுபி” என்றான். “நி” என்றான். அப்புறம் சத்தமே இல்லை. தலை தொங்கிவிட்டது.

செம்பி பதறிப் போனாள். “ஐயையோ! அண்ணனுக்குத் தொண்டையில அத்திக்காய் சிக்கிடுச்சு! யாராவது முதுகுல தட்டுங்களேன்!”

கொண்டலாத்தியாரின் கொண்டை சடாரென்று விரிந்தது. “உஷ்! பட்டிக்காடு! பாட்டு நடக்குது!”

“பாட்டா? ‘லா’ எங்கே ஐயா?”

“அந்த ‘லா’வைப் பாடாம விட்டாரே, அதுதான் பாட்டு! உனக்கெல்லாம் அக்கரையில ஆள்காட்டிக் குருவி கத்துதே, அதுதான் சரி. போய்க் கேளு!”

எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். செம்பிக்கு உடம்பு கூசியது. பக்கத்தில் நின்ற கிழ ஆண்மான் முறிகொம்பனிடம், “மாமா, உங்களுக்குப் புரியுதா?” என்று கிசுகிசுத்தாள்.

“ஒரு மண்ணும் புரியல. அதனாலதான் பெரிய பாட்டா இருக்கும்னு நினைக்கிறேன்” என்றார் முறிகொம்பன், தலையை ஆட்டிக்கொண்டே.

செம்பியும் தலையை ஆட்டினாள். கழுத்து வலிக்க வலிக்க ஆட்டினாள். வேறென்ன செய்வாள்? நாலு பேர் முன்னால் பட்டிக்காடு என்று பேர் வாங்க யாருக்குத்தான் ஆசை?

கச்சேரி முடிந்ததும் கொண்டலாத்தியார் பாடம் நடத்தினார். “தாளத்துல அடி விழுற இடத்துல பாடுறதெல்லாம் பழசு. அடி விழுந்து போகணும். அதுக்கப்புறம் சோம்பல் முறிச்சுக்கிட்டு, பின்னாலேயே மெதுவா வரணும். அதுதான் ஸ்டைல்!”

இதை நெடுவாலன் நன்றாகப் பிடித்துக்கொண்டான். பாட்டோடு நிறுத்தினானா? இல்லை. எதைச் சொன்னாலும் பின்னாலேயே வந்தான். “வணக்கம் அண்ணே” என்றால், செம்பி குளத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துத் திரும்பிய பிறகு “ம்ம்ம்... வணக்கம்” என்பான். என்ன ஒரு அலட்டல்!

கொஞ்ச நாளில் செந்நாய்கள் வந்தன.

நெடுவாலன் பார்த்துவிட்டான். பழைய நெடுவாலனாக இருந்தால் மூன்று ‘கக்’கில் கதை முடிந்திருக்கும். இப்போது அவன் கலைஞன் ஆயிற்றே! கண்ணைச் சொருகினான். “ம்ம்ம்ம்” என்று ஆரம்பித்தான். அடுத்த பாட்டு என்று நினைத்து மான்கள் சுற்றி நின்றன. செந்நாய்கள் பாய்ந்த பிறகுதான் மேலேயிருந்து “கக்” வந்தது. மற்றவை எப்படியோ தப்பின. முறிகொம்பனின் வால் நுனி போய்விட்டது.

“வால் போச்சேன்னு பாக்காதீங்க!” என்றார் கொண்டலாத்தியார். “நடுவுல ஒரு இடைவெளி விட்டாரே, கேட்டீங்களா?”

முறிகொம்பனுக்கு ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. “கேட்டேன், கேட்டேன். அபாரம்!” என்றார் அந்த மனுஷர். வெட்கங்கெட்ட மான்!

செம்பி தன் குட்டியைப் பார்த்தாள். பொட்டுவுக்கு இன்னும் கால் உரம் ஏறவில்லை. பெரிய மான் வாலைக் கொடுத்துத் தப்பும், குட்டி எதைக் கொடுத்துத் தப்பும்? யாரும் இல்லாத நேரம் பார்த்து மரத்தடியில் போய் நின்றாள்.

“அண்ணே, ஒரு வார்த்தை.”

“ம்ம்ம்... சொல்லு.”

“நீ பாடு. உன் இஷ்டம் போலப் பாடு. நான் குறுக்கே நிக்கல. ஆனா சிறுத்தை வந்தா மட்டும் பழையபடி சத்தம் போட்டுடு அண்ணே. என் குட்டி சின்னது.”

நெடுவாலனுக்கு மூக்கு விடைத்தது. “ஒரு கலைஞன்கிட்ட அப்படிப் போடு, இப்படிப் போடுன்னு சொல்லலாமா? அந்தக் ‘கக்’ எனக்கே கேவலமா இருக்கு. பிடிக்கலைன்னா வேற மரம் பாத்துக்கோ! என் பழம் ரசிகர்களுக்கு மட்டும்தான்.”

கோடைக்காலம். அக்கரையில் புல் கருகிக் கிடந்தது. அத்திப்பழம் இல்லையென்றால் செம்பிக்குப் பால் வற்றிவிடும். பாவம், அவள் என்ன செய்வாள்? “தப்பா நினைச்சுக்காதே அண்ணே. நேத்து ‘நிலா’ ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். சொன்ன வாயை மண்ணில் தேய்க்க வேண்டும் போல அவளுக்கே இருந்தது.

இதற்கிடையில் மலையடிவாரத்துப் பாறையில் படுத்திருந்த சிறுத்தையும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் கொண்டலாத்தியாரைக் கூப்பிட்டது.

“யாருய்யா அது, மரத்துல முனகுறது?”

“நம்ம நெடுவாலன்தான். புதுப் பாணி!”

“அருமை, அருமை! முன்னெல்லாம் என் தலையைப் பார்த்தாலே காட்டுக் கத்தல் கத்துவான். காது கிழியும், பசிதான் மிச்சம். இப்பத்தான் அவனுக்கு நல்ல புத்தி வந்திருக்கு. தினமும் பாடச் சொல்லு. ஒருநாள் நானே நேர்ல வந்து கேக்கிறேன்!”

கொண்டலாத்தியார் தலைகால் புரியாமல் பறந்து வந்தார். “சேதி தெரியுமா? சிறுத்தையே நமக்கு ரசிகர் ஆயிட்டாரு!”

நெடுவாலன் நெஞ்சை நிமிர்த்தினான். முறிகொம்பன் மிச்சமிருந்த வாலை ஆட்டினார்.

செம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சிறுத்தைக்கு எதுக்கு ஐயா பாட்டு?”

“கலைக்கு முன்னால பகை ஏது? உனக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகுது!”

செம்பி வாயைத் திறந்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். மூடிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் பெரிய கச்சேரி. ரசிகர்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம், அதனால் நெடுவாலன் உச்சியை விட்டு இறங்கித் தாழ்ந்த கிளையில் வந்து அமர்ந்தான். அழகுக்காக வாலைக் கீழே தொங்கவிட்டான். செம்பி கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள். பொட்டு உதிர்ந்த பழத்தைத் தேடிக்கொண்டு தண்ணீர் விளிம்பு வரைக்கும் போய்விட்டது.

அப்போது கோரைப்புல் அசைந்தது.

நெடுவாலன் பார்த்தான். சத்தியமாகப் பார்த்தான். புல்லுக்குள் சிறுத்தை, அதற்கு நேர் எதிரே குட்டி! பழைய ‘கக்’ அவன் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் முன் வரிசையில் கொண்டலாத்தியார் கொண்டையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே! இத்தனை பேர் நடுவில் காட்டுக் குரங்கு மாதிரி கத்தினால் மரியாதை என்ன ஆவது?

கண்ணைச் சொருகினான். மூச்சை இழுத்தான்.

“ம்ம்ம்ம்...”

செம்பியின் காது விறைத்தது. இது பாட்டா, ஆபத்தா? அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டியவளுக்கு எப்படித் தெரியும்?

“க...” என்று இழுத்தான் நெடுவாலன். நிறுத்தினான்.

“ஆகா! இன்னிக்கு அமர்க்களம்!” என்றார் முறிகொம்பன்.

அந்த நேரம் காற்று திரும்பியது. சிறுத்தை நாற்றம் செம்பியின் மூக்கில் குப்பென்று அடித்தது. திரும்பிப் பார்த்தாள். புல்லில் இரண்டு கண். அதற்கு முன்னால் அவளுடைய பிள்ளை.

செம்பி முன்காலால் தரையை ஓங்கி உதைத்தாள். “கீவ்!” என்று அலறினாள். அதில் அழகும் இல்லை, ஒரு எழவும் இல்லை.

“உஷ்! பாட்டு நடக்குது!” என்று சீறினார் கொண்டலாத்தியார்.

“பாட்டுல மண்ணைப் போடு! பொட்டு! தண்ணியில குதிடா! குதி!”

பொட்டு குதித்தது. சிறுத்தையும் பாய்ந்தது. நகம் குட்டியின் தொடையைக் கிழித்துவிட்டுப் போயிற்று. ஆனால் பிடி கிடைக்கவில்லை. செம்பி குளத்தில் பாய்ந்து குட்டியை நெஞ்சால் தள்ளிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்தது. அப்போதுதான் மேலேயிருந்து பாட்டின் மீதி வந்தது.

“...க்.”

கொண்டலாத்தியார் சொன்ன மாதிரியே, அடி விழுந்து போன பிறகு, பின்னாலேயே, மெதுவாக.

சிறுத்தைக்கு இரை போன எரிச்சல். நிமிர்ந்து பார்த்தது. தலைக்கு மேலே நீளமாக, அழகாக, ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே எம்பு! வாலைக் கவ்விக்கொண்டது.

“கக்! கக்! கக்! கக்! கக்!”

அடேயப்பா! என்ன தெளிவு, என்ன கணீர்! முனகல் இல்லை, சொருகல் இல்லை, இடைவெளி இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த மான்கூட ஓடிப்போயிற்று. முன் வரிசையிலிருந்து முதல் ஆளாகப் பறந்தவர் நம்ம விமர்சகர்தான்.

பாதி வாலைச் சிறுத்தையின் வாயில் விட்டுவிட்டு நெடுவாலன் உச்சிக்கு ஏறித் தப்பினான்.

மறுநாள் காலையில் கூட்டம் மறுபடி கூடியது. கொண்டலாத்தியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “நேத்துக் கடைசியா பாடினீங்களே, அது சரியில்லை. ரொம்பப் பழைய பாணி. எனக்கு ஏமாற்றமா போச்சு” என்றார்.

நெடுவாலன் பாதி வாலைத் தடவிக்கொண்டு, “மன்னிக்கணும். அவசரத்துல தாளத்துக்குச் சரியா வந்துட்டேன்” என்றான்.

செம்பி நொண்டுகிற குட்டியோடு வந்து நின்றாள். இந்தத் தடவை யாரையும் பார்க்கவில்லை. நேராக மரத்தைப் பார்த்தாள்.

“அண்ணே, நீ பாடினதுலேயே எனக்குப் புரிஞ்ச பாட்டு அது ஒண்ணுதான். உன் வாலுன்னா தாளம் தப்பாம வந்துச்சே! என் பிள்ளைன்னா மட்டும் ஏன் பின்னால வந்துச்சு?”

நெடுவாலன் “ம்ம்ம்ம்” என்று ஆரம்பித்தான்.

செம்பி மீதியைக் கேட்க நிற்கவில்லை. “உன்னைச் சொல்லிக் குத்தமில்லை. தலையாட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு அக்கரையைப் பார்த்து நடந்தாள்.

“அங்கே என்ன இருக்கு? காஞ்ச புல்லும், கத்துற ஆள்காட்டியும்!” என்று பின்னாலிருந்து கத்தினார் முறிகொம்பன்.

“அந்தக் கத்தல் போதும் மாமா!”

அக்கரை ஆள்காட்டிக் குருவியின் குரல் இருக்கிறதே, காட்டிலேயே அதைவிட மோசமான குரல் கிடையாது. எது வந்தாலும் வந்த நொடியே கீச்சுக்கீச்சென்று ஊரைக் கூட்டிவிடும். அதன் பக்கத்தில் காய்ந்த புல்லைத் தின்றுகொண்டு, விலா எலும்பு தெரிய, செம்பி நிம்மதியாகக் கண்ணை மூடினாள். பொட்டுவின் தொடைக் காயமும் மெல்ல ஆறியது.

இக்கரையில் கச்சேரி இன்னும் நடக்கிறதாம். தலைகளும் ஆடுகின்றனவாம், ஆனால் ஆடுகிற தலைகள்தான் வாராவாரம் குறைகின்றனவாம்.

புரியாத பாட்டுக்கு வெட்கப்பட்டுத் தலையாட்டுகிறவர், தம் உயிரைக் காக்கிற சத்தத்தைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.