நடுவில் உட்கார்ந்தவர்

பேராசிரியர் பூங்கோதையிடம் ஆராய்ச்சி செய்ய வந்தவர்களில் அவரைவிட எட்டு வயது மூத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் சவரிராயன். பாலிடெக்னிக்கில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு முயன்றார். கடைசி நீட்டிப்பும் அந்த மாதத்தோடு முடிகிறது.

அவருடைய வினையூக்கி, நிக்கலும் பாஸ்பரஸும் சேர்ந்த நுண்துகள்கள். ஒரு மூலக்கூறின் இரண்டு முனைகளில் ஒன்றில் மட்டும் அது ஹைட்ரஜனைச் சேர்க்க வேண்டும். மற்றதைத் தொடக் கூடாது. வினை மெதுவாக நடந்தது. வேலை செய்வது நிக்கல்தானே என்று அவர் பாஸ்பரஸைக் குறைத்துக்கொண்டே வந்தார். வேகம் கூடியது. ஆனால் இரண்டு முனைகளிலும் ஹைட்ரஜன் ஏறிவிட்டது.

“பாஸ்பரஸ் அங்கே என்னதான் செய்யுது மேடம்?”

பூங்கோதை கடிகாரத்தைப் பார்த்தார். “டீ நேரம். வாங்க சார்.”

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு நீளத் தட்டு வரும். ஒரு முனையில் மெதுவடை, மறுமுனையில் மைசூர்பாகு. ஆய்வாளர்கள் லியாகத்தும் உமாபதியும் ஒட்டி உட்கார்ந்து தட்டை இருவர் மடியிலுமாக வைத்துக்கொள்வார்கள். லியாகத் இனிப்பைத் தொடமாட்டார்; உமாபதி வடையைத் தொடமாட்டார். ஐந்து நிமிடத்தில் தட்டு காலி. ஸ்டோரைப் பூட்டிவிட்டு வரும் ரமணிபாய் மைசூர்பாகின் வாசனையை மட்டுமே அறிந்தவர்.

பூங்கோதை சவரிராயனை அந்த இருவருக்கும் நடுவே உட்காரச் சொன்னார்.

“நான் என்ன செய்யணும்?”

“உட்காருங்க, போதும்.”

சவரிராயன் பருத்த உடம்புக்காரர். தட்டு லியாகத் மடியோடு நின்றுவிட்டது. உமாபதியின் கை எட்டவில்லை. கொஞ்சம் ஒடுங்கி உட்காரக் கூடாதா, இது என்ன டவுன் பஸ்ஸா என்று அவர் முணுமுணுத்தார். மேடம் கொடுத்த இடம் என்றார் சவரிராயன். வடை மட்டும் மெல்லக் குறைந்தது.

ரமணிபாய் வந்தார். தட்டில் தொடாமல் இருந்த மைசூர்பாகைப் பார்த்தவர், இன்றைக்கு யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்.

கூட்டம் முடிந்ததும் சவரிராயன் பேராசிரியரிடம் போய், தன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்றார்.

“இவ்வளவு நேரம் நீங்க என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல மேடம். சும்மா உட்கார்ந்திருந்தேன்.”

“அந்த வேலைக்குத்தான் சார், மூணு மாசமா ஆளைக் குறைச்சுட்டு வர்றீங்க.”

சவரிராயன் ஸ்டோரைத் திறந்து பாஸ்பரஸ் தரச் சொல்லி ரமணிபாயிடம் போனார். வாயில் மைசூர்பாகோடு அவரால் மறுக்க முடியவில்லை.