கார் காட்டிய எல்லை

கடற்கரையில் ஓட்டல் கட்ட வந்த தனக்கோடி முதலாளிக்குக் கடலைவிடப் பெரிய வாய். கடல் ஏறிவரும் கடைசி இடத்தில் எல்லைக்கல் நட்டு, அதிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளித்தான் கட்டலாம் என்பது சட்டம். முதலாளி தாசில்தாரம்மாவிடம் ஈர மணலைக் காட்டி, "கல்லை இங்கேயே நடச் சொல்லுங்க. கடல் இதைத் தாண்டியதே இல்லை" என்றார்.

கல் சுமந்து வந்த கஸ்பார் பணிவாகச் சொன்னான்: "முதலாளி சொன்னா சரிதான். இன்னைக்குப் பௌர்ணமி, கடல் ஏறுற நாள். சாயங்காலம்வரை உங்க புதுக் கார் இங்கேயே நிக்கட்டும். அம்மா பார்த்துட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

"வெயில் காருக்கு ஆகாது" என்ற முதலாளி, டிரைவரை விரட்டினார். கார் சவுக்குத் தோப்பையும் தாண்டிப் போய், நிழலே இல்லாத மேட்டில் நின்றது.

கஸ்பார் கல்லைத் தோளில் ஏற்றினான். "எங்கே நடணும்னு காரே காட்டிடுச்சும்மா."

தாசில்தார் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். "ஓட்டல் தாராளமா கட்டுங்க சார். காருக்கு இருநூறு மீட்டர் பின்னால."