இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம்

தறிப்பட்டறை முதலாளி நாச்சிமுத்துவின் பேச்சுக்கு அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது. சர்க்கரை குறையட்டும் என்று டாக்டர் சொன்னதால் புது சைக்கிள் வாங்கினவர், ஒருநாள் காலையில் அதைத் தூக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு டீக்கடைப் பக்கத்து சைக்கிள் கடைக்கு வந்தார். முன்சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

அங்கே தயிர்க்கார மாராத்தாள் தன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் புது ரிம் போட்டிருந்தாள். முதலாளியின் கண் அதில் விழுந்தது.

“காலையில கோயில் வாசல்ல நிறுத்தியிருந்தப்ப இவதான் என் நல்ல சக்கரத்தைக் கழட்டிக்கிட்டு இந்தக் கோணலை மாட்டிட்டா. மாத்துப்பா!” என்று கத்தினார்.

சக்கரம் போனால் மாராத்தாளுக்குப் பிழைப்பே போச்சு. ஆனால் அவள் அழவும் இல்லை, சண்டைக்குப் போகவும் இல்லை.

“மொதலாளி சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். காசிமண்ணா, எல்லார் முன்னாலயும் இங்கயே மாத்திருங்க.”

கடைக்காரர் காசிம் அவள் சக்கரத்தைக் கழற்றி முதலாளி வண்டியில் மாட்டப் பார்த்தார். சக்கரம் மட்கார்டில் முட்டியது. தட்டினார், நெட்டினார். ம்ஹூம்.

“நுழையாதுங்க. இது இருபத்தெட்டு இஞ்ச். உங்க வண்டிக்கு இருபத்தாறுதானுங்க.”

“அப்ப நேத்து வரைக்கும் இது உங்க வண்டியில எப்படிங்க ஓடுச்சு?” என்றாள் மாராத்தாள்.

டீக்கடையே சிரித்தது. முதலாளி வேட்டியில் காய்ந்திருந்த சாக்கடைச் சேற்றை அப்போதுதான் எல்லோரும் துணிந்து பார்த்தார்கள். அவர் தலை குனிந்தது.

மாராத்தாளுக்கே பாவமாகிவிட்டது. சக்கரத்தை மாட்டி வாங்கிக்கொண்டு கேரியரைக் காட்டினாள்.

“சாக்கடை வளைவுல நானும் விழுந்திருக்கனுங்க. ஏறுங்க, வூட்டுல விட்டர்றேன். தயிர்ப்பானைய மட்டும் மடியில வெச்சுக்கங்க. அதையும் உங்களுதுன்னு சொல்லிராதீங்க.”