உரல்பாறையில் ஒரு ‘பார்த்தேன்’

டொக். டொக். டொக். பிறகு, டொப்.

பனியில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் பாறையோரமாக நகர்ந்துகொண்டிருந்தது. தேவசகாயம் வண்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

“யாரு வீட்டுக் கதவைத் தட்டுறீங்க, டீச்சர்?”

“பாறை வீட்டுக் கதவை. உள்ளே ஆள் இருக்கா, காலியான்னு பார்க்குறேன்.” பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. “இந்த விளிம்பு காலி. இதைப் பிடிச்சுத் தொங்கிடாதீங்க.”

உரல்பாறைக்குக் குவாரி வராத காலம் அது. சனிக்கிழமைக் காலைகளில் ஆறேழு பேர் அங்கே பாறை ஏறக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கற்றுக்கொடுத்தவர் வசுமதி. முப்பத்தெட்டு வயது. எல்லாருக்கும் டீச்சர். தேவசகாயம் அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவர், மின்வாரிய லைன்மேன். இருந்தும் அவருக்கும் டீச்சர்தான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஏறுகிறவர் இடுப்புப் பட்டையில் கயிற்றை முடிந்துகொண்டு, “பாருங்க” என்பார். உச்சி வளையத்தில் கோத்து இறங்கும் கயிற்றின் மறுபக்கத்தைக் கீழே நின்று பிடிக்கிறவர் அந்த முடிச்சைத் தொட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, “பார்த்தேன்” என்பார். அந்தச் சொல் வந்த பிறகுதான் பாறையில் கால் வைக்கலாம். முதல் நாள் வந்தவருக்கும் அதுதான். டீச்சருக்கும் அதுதான்.

அன்று பனிக்குப் பயந்து வேறு யாரும் வரவில்லை.

டீச்சர் மணலில் நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் கயிற்றில் ஓர் எட்டு. அதன் வால் பட்டைக்குள் நுழைந்து, வந்த தடத்திலேயே திரும்பிப் போய் எட்டை இன்னொரு முறை வரைய வேண்டும். திரும்பிப் போகாவிட்டால் அது முடிச்சே இல்லை.

“டீச்சர், நாளைக்கு மெர்சியைக் கூட்டிட்டு வரவா? அதுக்கு நானே கயிறு பிடிக்கிறேன்.”

“நாலு மாசமா இதையேதான் கேக்குறீங்க.”

“திங்கக்கிழமை குவைத் போகுது. நர்ஸ் வேலை. இனி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்.” தேவசகாயம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சின்னப் பிள்ளையில நான் கம்பத்துல ஏறும்போது கீழே நின்னு கத்தும், ‘அப்பா, அங்கேருந்து என்ன தெரியுது?’ன்னு. ஒரு நாள் ஏத்திக் காட்டுறேன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்துட்டேன்.”

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கை கயிற்றிலேயே நின்றது.

“இருபத்தாறு வருஷம் கம்பம் ஏறுனவன், டீச்சர். ஒரு கீறல் கிடையாது. எத்தனை வருஷம் ஏறுனா இன்னொருத்தன் வந்து என் முடிச்சைப் பார்க்க வேண்டாம்? அதை மட்டும் சொல்லுங்க.”

“கீழே இறங்கி வந்து சொல்றேன்.” டீச்சர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பாறையின் பக்கம் திரும்பினார். “பாருங்க.”

“உங்களதைப் போயி நான் பார்க்கணுமா? நல்லாருக்கே கதை!”

“சொல்லுங்கண்ணே.”

“பார்த்தேன், பார்த்தேன்.”

டீச்சர் ஏறினார். தேவசகாயத்தின் நெஞ்சு உயரம் வந்ததும் நின்றார். அதுவும் அவர் வழக்கம். அந்த உயரத்தில் ஒரு தடவை கயிற்றில் உட்கார்ந்து பார்ப்பார். பிறகுதான் மேலே போவார்.

“உட்காருறேன்.”

தேவசகாயம் காலை ஊன்றிக்கொண்டார். கயிற்றில் கனம் வரவில்லை. டீச்சர்தான் வந்தார், மல்லாந்து, மணலில், பொத்தென்று.

கயிற்றின் நுனி பட்டையிலிருந்து உருவிக்கொண்டு அவர் தலைக்கு மேலே ஆடியது. அதில் ஒற்றை எட்டு.

தேவசகாயம் ஓடிவந்து தூக்கினார். முழங்கை சிராய்ந்திருந்தது. வேறொன்றும் இல்லை. பனி கொஞ்சம் விலகி, உச்சியில் கயிறு கோத்திருந்த இரண்டு இரும்பு வளையங்கள் தெரிந்தன. அறுபது அடி. அவர் அதைப் பார்த்தார். பிறகு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வேணும்னுதானே செஞ்சீங்க? எனக்குப் புத்தி வரணும்னு. அதானே, டீச்சர்?”

டீச்சர் முழங்கை மணலை ஊதிக்கொண்டிருந்தார்.

“ஆமான்னு சொன்னா ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கும்.”

“டீச்சர்...”

“இல்லண்ணே. மெர்சி கம்பத்தடியில நிக்கிறதை நெனச்சுட்டேன். முடிச்சு பாதியிலேயே நின்னுடுச்சு.”

“நான்தான் பேச்சுக் கொடுத்துக் கெடுத்தேன்.”

“பேசுனது நீங்க. விட்டது நான்.” டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். “பார்த்தேன்னு சொன்னீங்களே, எதைப் பார்த்தீங்க?”

தேவசகாயம் மேலே ஆடிய ஒற்றை எட்டை அண்ணாந்து பார்த்தார்.

“உங்க முகத்தை” என்றார்.

டீச்சர் தலையாட்டினார். கோபம் இல்லை. பாறை உச்சியில் ஏதோ பறவை கத்திவிட்டுப் போனது.

“எத்தனை வருஷம்னு கேட்டீங்க. எனக்குத் தெரியலண்ணே. நான் ஏறுன இருபத்தியொரு வருஷம் போதலை.”

தேவசகாயம் எழுந்து கால்சட்டை மணலைத் தட்டினார்.

“சரி, டீச்சர். மெர்சி வர வேண்டாம். நான் வீட்ல ஏதாவது சொல்லிக்கிறேன்.”

“மெர்சி உங்களுக்கு ரொம்ப மரியாதை குடுக்குமோ?”

“அதுவா? நல்லாக் குடுக்கும்! ‘அப்பா, தொப்பையை உள்ளே இழுங்க, கரண்டுக் கம்பியில இடிச்சா ஊரே இருட்டாயிரும்’னு தெருவுல நின்னு சிரிக்கும். சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருந்தாக்கூட விடாது. நாலு பேர் முன்னாடியே சொல்லும்.”

“அப்பக் கூட்டிட்டு வாங்க” என்றார் டீச்சர். “அதோட முடிச்சை நீங்க பாருங்க. உங்க இடுப்புப் பட்டையை அது பார்க்கட்டும்.”

தேவசகாயத்துக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. வாயைத் திறந்தார்.

டீச்சர் எட்டிக் கயிற்றின் நுனியைப் பிடித்து, மறுபடி முடியத் தொடங்கியிருந்தார்.

தேவசகாயம் வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் வந்து, முழங்காலிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.