முகம் பார்க்காத சாட்சி

கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்குள் நெடுங்கரிசல் என்றொரு ஊர். அங்கிருந்து உயர் நீதிமன்றம் வரை போன ஒரு கொலை வழக்கைச் சொல்கிறேன். முடிவில் நீங்களும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆடு மேய்க்கும் செவத்தையாவுக்கும் உளுந்து போட்டிருந்த காளிப்பாண்டிக்கும் ஒருநாள் வாய்ச்சண்டை. ஆடுகள் பயிரில் இறங்கிவிட்டன என்பதுதான் காரணம். மறுநாள் மத்தியானம் காளிப்பாண்டி தன் நிலத்திலேயே வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தான். கஞ்சி கொண்டுவந்த அவன் மனைவி அன்னமயில், ஓடையில் இறங்கி ஓடிய ஒருவனைப் பார்த்தாள். நெட்டை உருவம். இடது தோள் சற்றுச் சரிந்திருந்தது. செவத்தையாவின் தோளும் அப்படித்தான்.

"முகத்தைப் பார்த்தாயா?" என்று கோர்ட்டில் கேட்டார்கள்.

"பார்த்தேன்" என்றாள் அன்னமயில்.

அந்த ஒரு சொல்லால் செவத்தையாவுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது.

அவன் மனைவி உலகம்மாள் மேல்முறையீடு செய்தாள். வக்கீல் சிறைக்குப் போய் செவத்தையாவிடம் ஒரு வழி சொன்னார். "அன்னமயிலுக்கு வேற ஒருத்தனோட பழக்கம், அவனைக் காப்பாத்த அவ உன்னைக் காட்டிவிட்டுட்டாள்னு எழுதுவோம். நீ ஆமான்னு மட்டும் சொல்லு."

செவத்தையா தலையை ஆட்டி மறுத்தான். "அப்படி ஒண்ணும் கிடையாதுங்கய்யா. என்னைப் பத்தி அவ தப்பாச் சொல்லிட்டா. அதுக்காக அவளைப் பத்தி நானும் தப்பாச் சொல்லி வெளிய வரணுமா? வேண்டாம்."

வக்கீலுக்கு வேறு பிடிமானம் இல்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போனது.

மூன்றாம் வருஷம், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அன்னமயிலுக்கு முன்னால் ஒருவன் நடந்து போனான். அதே உயரம், அதே சரிந்த தோள். "செவத்தையா தப்பிச்சு வந்துட்டான்!" என்று அலறினாள். அவன் திரும்பினான். யாரோ ஒரு உப்பு வியாபாரி. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை உலகம்மாளின் வாசலில் போய் நின்றாள். "அக்கா, அன்னைக்கு நான் முகத்தைப் பார்க்கலை. முதுகைத்தான் பார்த்தேன். அவருதான்னு மனசுக்கு நிச்சயமா இருந்துச்சு, அதான் அப்படிச் சொன்னேன். இப்ப அந்த நிச்சயம் இல்லைக்கா."

உலகம்மாளுக்கு அவளை அறைந்துவிடக் கை துடித்தது. ஆனால் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இருவரும் வக்கீலிடம் போனார்கள். "பொய்ச்சாட்சி சொன்னதுக்கு நீயே ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும்மா" என்றார் அவர். சேதி தெரிந்த காளிப்பாண்டியின் தம்பிமார் அன்னமயிலை வீட்டைவிட்டே விரட்டினார்கள். ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றவளை உலகம்மாள்தான் வந்து கூட்டிப்போனாள்.

"நீ எத்தனை வருஷம் உள்ள இருந்தாலும் சரி, திரும்பி வர்ற வரைக்கும் இவ என் பிள்ளை" என்றாள்.

உயர் நீதிமன்றம் அன்னமயிலை மறுபடி விசாரித்தது. அவள் எதையும் மறைக்கவில்லை. செவத்தையாவுக்கு விடுதலை கிடைத்தது. தானாக வந்து உண்மையைச் சொன்னதால் அவளைக் கண்டித்ததோடு நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். கொன்றவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

விடுதலையே போனாலும் பழி சொல்ல மறுத்தவன் செவத்தையா. தன் குடியைக் கெடுத்தவளின் பிள்ளையை ஏற்றுக்கொண்டவள் உலகம்மாள். சிறைக்குத் துணிந்து சொல்லை மாற்றியவள் அன்னமயில். இந்த மூவரில் யார் செய்தது பெரிது?

விடை: மூவரும் பெரியவர்களே. என்றாலும் அன்னமயில் ஒரு படி மேல். தான் குற்றமற்றவன் என்று செவத்தையாவுக்குத் தெரியும். உலகம்மாளும் அதை நம்பினாள். இருவருக்கும் கால் ஊன்ற ஓர் இடம் இருந்தது. அன்னமயிலுக்கு அது இல்லை. புருஷனைக் கொன்றவன் தண்டனை அனுபவிக்கிறான் என்ற ஒரே ஆறுதலை அவள் தன் வாயாலேயே இழந்தாள். எதிரே வருகிற எவனும் அந்தக் கொலைகாரனாக இருக்கலாம் என்ற பயத்தோடுதான் இனி அவள் அந்த ஊரில் நடக்க வேண்டும். தெரிந்தே அதைச் செய்தாள்.